துருதான்

ஓய்வு நாளென்றால் டிப்போக்காரர்கள் தூங்குவார்கள்.
எனக்கு பிஸ்கட் டப்பா இருக்கிறது.
மார்த்தாண்டத்து ஆக்கர்க்கடையில்
பத்துக்கும் இருபதுக்கும் பொறுக்கிய மடக்குக் கத்திகள்
அதில் வாய் திறக்காமல் கிடக்கும்.

இது மட்டும் வாங்கியதில்லை.
திங்கள்சந்தையில் வாழைக்குலை விற்கும் சுகந்தபாய்
டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே நீட்டியது.
"அவருக்க பிச்சாத்தி. தொறக்க முடியேல.
பளபளன்னு வேண்டாம்,
குலைக்காம்பு அறுத்தாப் போதும்."
இறங்கும்போது, கேட்காமலே சொன்னாள்:
"கடலக் கண்டா தலை சுத்தும் அவருக்கு.
மண்டைக்காட்டுக் கொடைக்குக்கூட வந்ததில்ல."

மூன்று நாள் மண்ணெண்ணெயில்.
என் வீட்டுக்காரி டப்பாவை முகர்ந்து
"இதுக்கும் ஒரு சீட்டு கிழிச்சுக் குடுங்க" என்றாள்.
நான்காம் நாளும் நகம்தான் பிளந்தது.
குறடு வைத்தால் திறக்கும்.
திறந்த பிறகு அது கத்தியாக இருக்காது.

தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு, ஆணியடியில்.
சோற்றுப்பானை மூடிமேல் கொஞ்ச நேரம் சூடு.
மறுபடி ஒரு சொட்டு.
ஏழாம் நாள் இரவு, மின்சாரம் போன நேரம்,
முதுகுவில் முனகியது,
அலகு அரைவழி வந்து நின்றது,
கொட்டாவி விட மறந்தவன் மாதிரி.

சிவப்பு போகணும், கறுப்பு இருக்கட்டும்.
இதைத் தவிர இந்த வேலையில் எனக்குச் சட்டம் இல்லை.
சிவப்பு தின்கிற துரு.
கறுப்பு, வாழைக்கறையும் மாங்காய்ப்பாலும் பட்டுப் பட்டு
எஃகு தானே போட்டுக்கொண்ட சட்டை.
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு:
உப்புத்தாளின் எண் ஏற ஏற
என் கை இளகும்,
வாயும் மூடிக்கொள்ளும்.

அவர் இடக்கைக்காரர்.
தேய்ந்திருந்த சாய்வு சொன்னது.
அவசரக்காரரும்தான்; துவைகல்லிலேயே தீட்டி
அலகின் வயிற்றைக் குழித்திருந்தார்.
சுகந்தபாய் வலக்கையால் காசு தருகிறவள்.
ஒரு கடுகளவு இரும்பை இழந்து
விளிம்பை அவள் கைக்குத் திருப்பினேன்.
அந்தக் கடுகளவில் அவர் கொஞ்சம் போனார்,
என்ன செய்ய.

பிடியின் பள்ளத்தை சைக்கிள் கம்பியால் சுரண்டினேன்.
பீடித்தூள். காய்ந்த கறை.
அடியில், கறுப்பாய், மினுங்கிக்கொண்டு
ஒரு சிட்டிகை.
பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் காட்டினேன்.
எழுந்து நின்றன.
எறும்புக்கூட்டம் விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

மணவாளக்குறிச்சி மணல்.
நம் பிள்ளைகள் காந்தம் இழுத்து விளையாடுகிற அதே மணல்.
ஒருமுறை நடந்துபோனதால் ஏறுகிற அளவில்லை.
கத்தியைத் திறந்து வைத்துவிட்டு
அங்கே பலமுறை யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும்,
ஏதாவது அறுத்துத் தின்றுகொண்டு,
தனியாகவோ,
இல்லாமலோ.

நான் கண்டக்டர்.
எங்கே ஏறினாய், எங்கே இறங்குவாய் என்று மட்டும்
கேட்கப் பழகியவன்.
மணலை ஒரு டிக்கெட்டில் மடித்தேன்.
கத்தியைத் துடைத்தேன்.

திறந்து பார்த்தாள். டக்கென்று நின்றது அலகு.
முழங்கை மயிரில் ஒரு இழுப்பு; மழித்தது.
"உள்ள என்ன இருந்துது?"
"துருதான்."
இரண்டு மட்டிப்பழச் சீப்பு மடியில் வைத்தாள்.
வேண்டாமென்றதற்குக் கோபித்தாள்.

பத்து நாள் கழித்து, சந்தை நெரிசலில்,
செந்துளுவன் குலையின் காம்பை
ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டிருந்தாள்.
அலகு அதற்குள் கறுத்துவிட்டது,
அவள் கறுப்பு.

விசில் கொடுக்கப் போனேன்.
நிமிராமலே கேட்டாள்:
"மணலு இருந்துதோ?"

பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது,
நான் என்ன சொன்னேன் என்பதும்
எனக்கு நிச்சயமில்லை.
"இருந்திருக்கும்" என்றாள்,
அடுத்த குலையைத் தூக்கினாள்.

டிக்கெட் இன்னும் என் தோல்பையில்.
எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது:
எந்த ஊரிலிருந்து, எந்த ஊருக்கு, எவ்வளவு.
மடிப்பில் மட்டும்
சில்லறை தேடும்போது
நறநறக்கிறது.